நடிகர் ராமராவும் நாடாளும் கலையும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பை என்னும் ஊர் இருக்கிறது. முன்னர் ஏரிப் பாசனத்தையும் நெல்லையும் நம்பியிருந்த இவ்வூரைச் சுற்றி இன்று ஒரகடத்து ஆலைகளும் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளும் எழுந்து நிற்கின்றன. ஷிப்டு மாறும் வேளையில் சாலையோரத் தேநீர்க் கடைகளில் தமிழோடு தெலுங்கும் ஹிந்தியும் காதில் விழும். தேர்தல் காலம் வந்துவிட்டால் இக்கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். திரையில் புகழ் பெற்றவர், ஒரு பஞ்சாயத்தைக்கூட நிர்வகித்தறியாதவர், ராஜ்யத்தை ஆள வரலாமா என்பதே அக்கேள்வி. வந்தால் என்ன குறை என்று ஒரு சாராரும், வேஷதாரிக்குக் கோட்டையில் என்ன வேலை என்று மற்றொரு சாராரும் வாதிப்பார்கள். இரண்டும் அவசர முடிவுகள் என்பதே நம் அபிப்பிராயம். இவ்விஷயத்தில் வாதத்தைவிடச் சரித்திரமே நல்ல ஆசான்.

தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு உடனே சொல்லப்படும் பெயர் எம். ஜி. ராமச்சந்திரன். ஆனால் அவர் அநுபவமற்று வந்தவர் அல்லர். 1953-ல் கட்சியில் சேர்ந்து, 1962-ல் மேல்சபை அங்கத்தினராகி, 1967-ல் பரங்கிமலைத் தொகுதியில் வென்று, 1972-ல் தனிக்கட்சி கண்டு, 1977-ல்தான் முதன் மந்திரியானார். அந்தப் பதவிக்கு அவர் இருபத்து நான்கு ஆண்டுகள் நடந்து வந்தார். ராஜீய அநுபவம் சிறிதுமின்றி ஒன்பதே மாதங்களில் அப்பதவியை எட்டியவர் நம் அண்டை ராஜ்யத்தவரான ஸ்ரீ என். டி. ராமராவ். அவருடைய சரித்திரமே நம் கேள்விக்கு நேரான சாட்சியம்.

ராமராவ் 1923-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கிருஷ்ணா ஜில்லாவில், நிம்மகூரு என்னும் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். விஜயவாடாவில் படித்த காலத்தில் குடும்பத்துக்கு உதவியாகப் பால் விற்றவர். குண்டூர் ஆந்திர கிறிஸ்தவக் கல்லூரியில் பி. ஏ. பட்டம் பெற்று, 1947-ல் சப் ரிஜிஸ்திரார் உத்தியோகத்தில் அமர்ந்தார். சர்க்கார் உத்தியோகம் கிடைப்பதே பூர்வ புண்ணியம் என்று குடும்பங்கள் கருதிய காலம் அது. ராமராவோ மூன்று வாரங்களில் அதை உதறிவிட்டு நடிப்புத் தொழிலைத் தேடிச் சென்னைக்கு வந்துவிட்டார்.

1949-ல் வெளியான மன தேசம் என்ற படத்தில் போலீஸ் அதிகாரியாகத் தோன்றினார். 1951-ல் பாதாள பைரவி அவரை நட்சத்திரமாக்கிற்று. 1957-ல் மாயாபஜார் படத்தில் கிருஷ்ணனாக வந்தபின் தெலுங்கு ஜனங்கள் அவரை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். தமிழரும் 1958-ல் சம்பூர்ண ராமாயணத்தில் அவரை ராமனாகக் கண்டார்கள். திருப்பதி யாத்திரை சென்றவர்கள் பஸ்ஸோடு சென்னைக்கும் வந்து, தியாகராய நகரில் அவர் வீட்டு வாசலில் காத்து நின்று தரிசனம் செய்து போன காட்சியைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவ்வாறு சுமார் முப்பது வருஷங்களில் சுமார் முந்நூறு படங்கள். அதற்குள் அவர் வயது அறுபதை நெருங்கிற்று.

புகழ் மட்டுமே ஒருவரைச் சிம்மாசனத்தில் ஏற்றிவிடாது. நடிப்பில் ராமராவுக்குச் சற்றும் குறையாத சிவாஜி கணேசன் 1988-ல் கட்சி தொடங்கினார். 1989 தேர்தலில் தம் சொந்த ஜில்லாவான தஞ்சாவூரின் திருவையாற்றிலேயே தோற்றார். ஆந்திரத்திலேயே பின்னாளில் நடிகர் சிரஞ்சீவி கண்ட கட்சி, 2009-ல் 294 ஸ்தானங்களில் பதினெட்டு மட்டுமே பெற்று, 2011-ல் காங்கிரஸில் கரைந்தது. அப்படியானால் 1983-ல் நடந்தது என்ன?

ஆந்திர ராஜ்யம் 1956-ல் அமைந்தது முதல் காங்கிரஸ் கட்சியே அங்கே தொடர்ந்து ஆண்டு வந்தது. 1978-க்கும் 1982-க்கும் இடையில் மட்டும் சென்னா ரெட்டி, அஞ்சையா, வெங்கடராம ரெட்டி, விஜயபாஸ்கர ரெட்டி என நால்வர் அப்பதவியில் அமர்ந்தார்கள். அவர்களை அமர்த்தியதும் எழுப்பியதும் டில்லி. 1982 பிப்ரவரியில் பேகம்பேட்டை விமான நிலையத்தில் முதன் மந்திரி அஞ்சையாவை ராஜீவ் காந்தி பகிரங்கமாகக் கடிந்துகொண்டதை ஜனங்கள் தங்களுக்கே நேர்ந்த அவமானமாகக் கொண்டார்கள். இந்த மனக்குறைக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. 1982 மார்ச் 29-ல் ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கித் தெலுங்கரின் சுயமரியாதையே தம் லட்சியம் என்றார். பழைய மோட்டார் வண்டியொன்றை ரதமாக மாற்றி ஊர் ஊராகச் சென்றார், வண்டியிலேயே உறங்கினார், சாலையோரத்திலேயே குளித்தார். 1983 ஜனவரியில் இருநூறுக்கு மேற்பட்ட ஸ்தானங்களை வென்று, 9-ந் தேதி ஹைதராபாத் லால் பகதூர் மைதானத்தில் ஜனங்கள் நடுவே பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். கதவு முன்னரே திறந்து கிடந்தது. அதன் வழியே நுழையும் துணிவும் உழைப்பும் அவருக்கு இருந்தன.

ஆட்சியில் அவர் செய்த நன்மைகளை மறைப்பது நியாயமாகாது. கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி தந்தார். பூர்வீகச் சொத்தில் மகனுக்குள்ள உரிமை மகளுக்கும் உண்டு என்று 1986-ல் அவர் ஆட்சி சட்டம் இயற்றிற்று. அதை மத்திய சட்டமே ஏற்றது 2005-ல்தான். அநுபவம் நிறைந்த பலர் செய்யத் தயங்கியதை அநுபவமற்றவர் செய்து காட்டினார் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அநுபவக் குறைவின் விலையும் உடனே தெரிந்தது. பதவிக்கு வந்த சில வாரங்களில் சர்க்கார் ஊழியரின் ஓய்வு வயதை 58-லிருந்து 55-ஆகக் குறைத்தார். முன்னறிவிப்பின்றி ஏராளமானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலைநிறுத்தமும் வழக்குகளும் எழுந்தன. அப்படிக் குறைக்க சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 1985-ல் தீர்ப்பளித்தது மெய்யே. ஆனால் அதிகாரம் உண்டு என்பது வேறு. அதை எப்போது, எப்படிப் பிரயோகிப்பது என்ற விவேகம் வேறு. ஓய்வு வயது பின்னர் 58-க்கே திரும்பிற்று.

1984 ஆகஸ்டில் நடந்ததைச் சட்டம் படித்தவர்கள் மறக்க முடியாது. அமெரிக்காவில் இருதய சிகிச்சை பெற்று அவர் திரும்பிய இரண்டொரு நாளில், 16-ந் தேதி, கவர்னர் ராம்லால் அவரைப் பதவியிலிருந்து நீக்கி, நாதெண்ட்ல பாஸ்கர ராவை முதன் மந்திரியாக்கினார். சட்டசபையைக் கூட்டித் தம் பலத்தைக் காட்ட அவருக்குச் சந்தர்ப்பம் தரப்படவில்லை. பெரும்பான்மையைச் சபையில் எண்ண வேண்டுமேயன்றிக் கவர்னரின் வரவேற்பறையில் எண்ணலாகாது என்ற ஜனநாயக தர்மம் அன்று மீறப்பட்டது. நோய் தீராத உடலோடு ராமராவ் 160-க்கு மேற்பட்ட அங்கத்தினர்களை டில்லிக்கு அழைத்துச் சென்று ராஷ்டிரபதி முன் நிறுத்தினார். தேசமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. கவர்னர் மாற்றப்பட்டார். செப்டம்பர் 16-ல் ராமராவ் மீண்டும் முதன் மந்திரியானார். வேஷதாரி என்று எள்ளப்பட்டவர் அரசியல் சட்டத்துக்குக் காவலராய் நின்ற மாதம் அது. 1985 தேர்தலில் ஜனங்கள் மீண்டும் பெரும் வெற்றி தந்தார்கள்.

இந்த வெற்றியே அவருக்குச் சோதனையாயிற்று. தம் சொல்லே கட்சி, தம் கட்சியே ராஜ்யம் என்ற எண்ணம் வளர்ந்தது. 1989 பிப்ரவரியில் மந்திரிகள் அனைவரையும் ஒரே நாளில் நீக்கினார். அவ்வாண்டுத் தேர்தலில் கட்சி தோற்றது. தாம் நின்ற இரு தொகுதிகளுள் கல்வகுர்த்தியில் அவரே தோற்றார். 1994-ல் நெல்லூர் ஜில்லாப் பெண்களிடையே பிறந்த சாராய எதிர்ப்புக் கிளர்ச்சியின் குரலுக்குச் செவிசாய்த்து, பூரண மதுவிலக்கை வாக்களித்து, 216 ஸ்தானங்களோடு திரும்பினார். ஆனால் ஒன்பது மாதம் முடியுமுன், 1995 ஆகஸ்டில், அவருடைய இரண்டாம் மனைவியின் செல்வாக்கைக் குறை கூறிக் கட்சி அங்கத்தினரில் பெரும்பாலோர் மருமகன் சந்திரபாபு நாயுடுவின் பக்கம் சென்றுவிட்டனர். 1984-ல் பெரும்பான்மை அவரிடம் இருந்தது, அதிகாரம் பறிபோயிற்று. ஜனங்கள் வீதிக்கு வந்து மீட்டுத் தந்தார்கள். 1995-ல் பெரும்பான்மையே அவரிடம் இல்லை; மீட்க யாரும் வரவில்லை. 1996 ஜனவரி 18-ல், எழுபத்திரண்டாம் வயதில், மாரடைப்பால் காலமானார்.

பதின்மூன்று வருஷம் தலைமை தாங்கிய கட்சியில், தம் முகத்தெதிரே தவற்றை எடுத்துச் சொல்லக்கூடிய ஒரு சபையை அவர் வளர்க்கவில்லை. தலைவருக்குப் பணிவது ஒன்றையே கற்றவர்கள், தலைமை மாறியதும் புதிய தலைவருக்குப் பணிந்தார்கள். அதில் வியப்பென்ன?

படப்பை வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தியோடு இதை முடிப்போம். சென்னைக்குக் குடிநீர் தர, மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தத்தம் கிருஷ்ணா நதிப் பங்கில் ஐந்து டி. எம். சி. வீதம் விட்டுக்கொடுக்க 1976-ல் இசைந்திருந்தன. அதைச் செயலாக்கும் ஒப்பந்தத்தில் 1983 ஏப்ரலில் ராமராவும் எம். ஜி. ராமச்சந்திரனும் கையெழுத்திட்டார்கள். வழியில் ஆவியாகும் மூன்று போக, எல்லையில் பன்னிரண்டு டி. எம். சி. தருவது ஏற்பாடு. நதி நீர் என்றாலே ராஜ்யங்கள் கோர்ட்டு வாசலில் நிற்கும் தேசத்தில், அண்டை வீட்டாரின் தாகத்துக்கு இரங்கிய இச்செயல் அரிது. கண்டலேறு அணையிலிருந்து பூண்டி வரை 177 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி முடித்து, தண்ணீர் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டது 1996 செப்டம்பர் 29-ல். அப்போது எம். ஜி. ஆர். மறைந்து எட்டு ஆண்டுகளும், ராமராவ் மறைந்து எட்டு மாதங்களும் ஆகியிருந்தன. பூண்டிக்கு வரும் நீரில் ஒரு பகுதி, படப்பைக்கு வடக்கேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரிக்கும் வந்து சேருகிறது.

ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டது புகழ் பெற்ற கரங்கள். ஆனால் பதின்மூன்று வருஷம் கால்வாயை வெட்டியவர்கள் பெயர் தெரியாத என்ஜினீயர்களும் தொழிலாளரும். பணம் ஒதுக்கியவர்கள் பின்வந்த சர்க்கார்கள். புகழ் ஒரு காரியத்தைத் தொடங்கி வைக்கலாம். அதை முடிப்பது நிலையான ஸ்தாபனங்களே. ஆகவே திரையிலிருந்து வருபவரை அக்காரணத்துக்காகவே ஜனங்கள் விரட்ட வேண்டியதில்லை. அக்காரணத்துக்காகவே தலையில் சுமக்கவும் வேண்டியதில்லை. அவர் பக்கத்தில் இருப்பவர் யார், அவருக்கு மறுத்துச் சொல்லும் துணிவுடையோர் அவர்களில் உண்டா, அவர் இல்லாத நாளிலும் அவர் தொடங்கிய காரியம் நடக்குமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு ஓட்டுச் சாவடிக்குச் செல்லட்டும். தொழில் அநுபவம் பெற்றவர்க்கும், பரம்பரையாய் ராஜீயம் நடத்துவோர்க்கும் இதே கேள்விகள் பொருந்தும். ரசிகராய் இருப்பது கொட்டகைக்குள் தவறல்ல. ஓட்டுச் சாவடிக்குள் நுழைகிறவர் பிரஜையாக நுழைய வேண்டும்.