முறுக்கிய மூன்றிழை

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலிமை தருவது கொலாஜன் எனும் புரதம். மீன்தோலிலும் செதிலிலும்கூட அது உண்டு. அதன் அமைப்பு பல்லாண்டுகளாகப் புதிராகவே இருந்தது.

1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன், சர் சி. வி. இராமனிடம் பயின்றவர். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, கங்காருவின் வால் தசைநாணை ஊடுகதிரால் ஆராய்ந்தார். கொலாஜனில் மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக் கிடப்பதாக 1955-இல் இருவரும் அறிவித்தனர். முறுக்கின் நடுவே இடம் மிகக் குறுகல். அதனால்தான் ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒன்றாக, மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் அமைந்திருக்கிறது.

பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இதில் குறை கண்டனர். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாகக் கூறினர். எதிர்த்தவர்களோ உலகப் புகழ் பெற்றவர்கள்! இராமச்சந்திரன் துவளவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதை, அதுவரை வெளிவந்த படிக ஆய்வுகளைக் கொண்டு கணக்கிட்டார். சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963-இல் அவர் வெளியிட்ட வரைபடம் அதன் பயனே. புரத அமைப்புகளைச் சரிபார்க்க அறிவியலாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றனர்.

நன்னீர் மீன்தோலிலிருந்து கொலாஜனைப் பிரித்து, புண்ணை மூடும் உறையாக்க முயல்வோர் இன்று உள்ளனர். வெப்பத்தில் அந்த மூன்றிழை முறுக்கு அவிழ்ந்துவிடாமல் காப்பதே அவர்களுடைய பெரும்பாடு.