சார்லஸ் பாபேஜ் சரிதம்

செய்து முடித்த காரியங்களாற் புகழெய்தினோர் உலகிற் பலர். செய்து முடியாத ஒரு யந்திரத்தாற் பெரும்புகழ் எய்தினவர் ஆங்கிலநாட்டுக் கணிதப் புலவராகிய சார்லஸ் பாபேஜ் ஆவர். கணிப்பொறியின்முன் அமர்ந்து நாடோறும் அதற்கு ஆணைகள் எழுதும் நம் மாணவருட் பலர், இவர் பெயரைத் தேர்வுத்தாளிற்குரிய ஒரு விடையாக மாத்திரம் அறிவர். ஆதலின் இவரது சரிதத்தை ஈண்டுச் சிறிது விரித்துரைக்கப் புகுந்தோம்.

இவர் 1791-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் பாபேஜ் பாங்குத் தொழிலிற் பொருளீட்டிய செல்வர். 1810-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிற் சேர்ந்த இளைஞர், அங்குக் கற்பித்த கணிதம் தாம் முன்னரே தனித்துக் கற்றதனினும் குறைந்ததாயிருக்கக் கண்டு மனம் சோர்ந்தார். ஆயினும் வாளா இருந்தாரல்லர். ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் என்னும் தோழருடன் கூடி 1812-ல் ஒரு கழகம் நிறுவி, ஐரோப்பாக் கண்டத்தில் வழங்கிய லைப்னிட்ஸ் முறைக் குறியீட்டைத் தம் நாட்டிற் பரப்ப முயன்றார். 1814-ல் பட்டம் பெற்று, அவ்வாண்டே ஜார்ஜியானா விட்மோர் என்னும் நங்கையை மணந்தார். 1816-ல் ராயல் சங்கத்தார் இவரைத் தம்முள் ஒருவராக ஏற்றனர்.

அக்காலத்தே மாலுமிகளும் வானநூலாரும் பிறரும் அச்சிட்ட கணித வாய்பாடுகளையே நம்பியிருந்தனர். அவற்றைக் கணக்கிட்டவரும் மனிதர், படியெடுத்தவரும் மனிதர், எழுத்துக் கோத்தவரும் மனிதர். ஆகவே பிழைகள் மலிந்திருந்தன. 1821-ல் பாபேஜும் ஹெர்ஷலும் இரு படிகளை ஒப்புநோக்குகையில் பிழைமேற் பிழை காணவே, இக்கணக்கெல்லாம் நீராவியால் நடைபெறலாகாதா என்று பாபேஜ் வெறுத்துரைத்தனராம். அச்சொல் அன்னாரது வாணாள் முழுதையும் பிணித்தது. மறு ஆண்டிலேயே சிறியதொரு மாதிரியைச் செய்து காட்டினார். வேறுபாடுகளைக் கூட்டிக்கொண்டே போனாற் பெருக்கலின்றியே வாய்பாடு முழுதும் கிடைக்கும் என்னும் முறையில் அமைந்தமையின், அது வேறுபாட்டு யந்திரம் எனப்பட்டது. 1823-ல் சர்க்கார் 1,500 பவுன் அளித்து அதனைப் பெரிதாகச் செய்யத் தூண்டினர்.

1827-ஆம் ஆண்டு இவருக்குக் கொடியதாயிற்று. அவ்வோராண்டிலேயே தந்தையாரும் மனைவியாரும் மக்கள் இருவரும் இறந்தனர். துயர் தாங்காது ஐரோப்பா முழுதும் அலைந்து திரிந்தார். முன்னர் நியூட்டன் வீற்றிருந்த லூக்காஸிய கணிதபீடம் 1828-ல் இவரை வந்தடைந்தது. பதினோராண்டு அப்பதவி வகித்தும் ஒரு விரிவுரையேனும் நிகழ்த்தினாரல்லர். ஆசிரியத் தொழில் பூண்டார் இதனைப் பொறுத்தல் அரிது.

யந்திரத்தைச் செய்தவர் ஜோசப் கிளெமெண்ட் என்னும் கைதேர்ந்த கம்மியர். 1832-ல் அதன் ஒரு பகுதி, ஏறக்குறைய 2,000 உறுப்புக்களுடன், பிழையின்றி இயங்கியது. ஆயின் கூலியைப் பற்றியும் பட்டறையை மாற்றுவது பற்றியும் இருவரும் பிணங்க, 1833-ல் வேலை நின்றது. குற்றம் கிளெமெண்டினது மாத்திரமே என்று கூற யாம் துணியோம். ஒன்றை முடிக்குமுன் அதனினும் நல்லதொன்றைக் காணும் கண் பாபேஜுக்கு இருந்தது, அதுவே அவர்க்குப் பகையுமாயிற்று.

1834-ல் அவர் கண்ட அந்நல்லதொன்றே பகுப்பு யந்திரம். இதன் அமைப்பைச் சற்று நின்று நோக்குதல் தகும். எண்களைச் சேமித்து வைக்கும் பகுதிக்குக் களஞ்சியம் என்றும், அவற்றை எடுத்துக் கணக்கிடும் பகுதிக்கு ஆலை என்றும் பெயரிட்டார். யாது செய்யவேண்டும் என்பதனைத் துளையிட்ட அட்டைகள் உரைக்கும். இக்கருத்து பிரான்சு தேயத்து ஜக்கார்டின் பட்டுத் தறியினின்றும் வந்தது. காஞ்சிபுரத்துத் தறிகளில் ஜக்கார்டு பெட்டியின்மேல் அட்டைமாலை சுழலக் கண்டோர்க்கு இஃது எளிதில் விளங்கும். 1836-ல் அவ்வட்டைகளைத் தம் யந்திரத்திற்கும் மேற்கொண்டார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. செய்தொழிலுக்குரிய அட்டையானது பெருக்குக என்று மாத்திரமே கூறும். பெருக்கும் வகையைக் கூறாது. ஆலையினுள்ளே முளைகள் பதித்த உருளைகள் நின்றன. அட்டை கட்டளையிட்டவுடன், எச்சக்கரம் எப்பொழுது திரும்புவது, எவ்விடத்து மிகுதியை மேலேற்றுவது என்னும் சிறு வேலைகளையெல்லாம் அவ்வுருளைகளே முறைபிறழாது நடத்தும். எந்த எண்ணின்மேற் செய்வது என்பதனை வேறொருவகை அட்டை சொல்லும். மடக்கை போன்ற ஒரு வாய்பாட்டெண் வேண்டின், யந்திரம் மணியடித்து நின்று ஏவலாளனைக் கேட்கும். அவன் தவறான அட்டையைத் தந்தால், தானே சோதித்தறிந்து முன்னினும் உரக்க மணியடிக்கும்.

இக்காலத்து மென்பொருள் ஆக்குவோர் செய்வதும் இதனோடு ஒப்பதே. ஆண்ட் என்னும் தொகுப்புக் கருவியில் கோப்புக்களைப் படியெடுத்தல், மூலநிரலை மொழிமாற்றுதல் முதலிய பணிகள் முன்னமே அமைந்துள்ளன. க்ரூவி என்னும் சிறுநிரல் மொழியில் எழுதுவோன் அப்பணியைப் பெயர் சொல்லி அழைத்து, எக்கோப்பின்மேல் என்பதனையும் குறித்தால் போதும். உள்நிகழ்வுகளைக் கருவியே பார்த்துக்கொள்ளும். எப்பொழுது, எத்தனை முறை, எந்நிபந்தனையின்மேல் அழைப்பது என்பதே மொழியின் வேலை. பாபேஜின் அட்டையும் உருளையும் இவ்வாறே வேலையைப் பகிர்ந்துகொண்டன. இன்றைய கருவிகள் அவர் படங்களைப் பார்த்துச் செய்யப்பட்டன என்று யாம் கூறவில்லை. ஒரே இடர்ப்பாடு ஒரே வழியைக் காட்டிற்று என்க.

1840-ல் டூரின் நகரத்து அறிஞர்முன் பாபேஜ் இவ்யந்திரத்தை விளக்கினார். அதனைக் கேட்ட மெனபிரியா என்னும் இத்தாலியப் பொறியாளர் 1842-ல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வரைந்தார். கவிஞர் பைரன் பிரபுவின் மகளாகிய ஏடா லவ்லேஸ் சீமாட்டி 1843-ல் அதனை ஆங்கிலப்படுத்தி, மூலத்தினும் ஏறக்குறைய மும்மடங்கு நீண்ட குறிப்புக்களைச் சேர்த்தார். பெர்னூலி எண்களை யந்திரம் கணிக்கும் படிமுறை அவற்றுள் அடங்கியது. சர்க்காரைப் பழிக்கும் முன்னுரையொன்றைப் பெயரின்றி உடன் வெளியிடப் பாபேஜ் விரும்பினார், அம்மையார் இசைந்திலர். அவர்தம் உறுதி நூலைக் காத்தது. 1852-ல் முப்பத்தாறாம் வயதில் அம்மையார் மறைந்தமை பாபேஜுக்கும் கணிதத்திற்கும் பேரிழப்பாயிற்று.

பாபேஜ் சினங்கொண்டதற்குக் காரணம் இல்லாமலில்லை. பழைய யந்திரத்திற்காகச் சர்க்கார் 17,000 பவுன் வரை செலவிட்டும் முழுமை கண்டிலர். 1842-ல் முதன்மந்திரி ராபர்ட் பீல் அதனைக் கைவிட்டார். நேரிற் சென்று கண்ட பாபேஜ் வேண்டுகோளை விடுத்துத் தம் மனக்குறைகளையே எடுத்துரைக்க, அச்சந்திப்பு பூசலில் முடிந்தது. 1847 முதல் 1849 வரை இரண்டாம் வேறுபாட்டு யந்திரத்திற்குப் புதிதாகப் படங்கள் வரைந்தார். பகுப்பு யந்திரத்திற் கற்ற சிக்கனத்தால் அது முன்னதனினும் மிகக் குறைந்த உறுப்புக்களைக் கொண்டிருந்தது. 1852-ல் அப்படங்களைச் சர்க்காருக்கு அளிக்க முன்வந்தார், அவர்கள் ஏற்றுக்கொண்டிலர். பின்னர்ச் சுவீடன் தேயத்து ஷூட்ஸ் என்னும் தந்தையும் மைந்தரும் தாம் வேறாகச் செய்த வேறுபாட்டு யந்திரத்தோடு வந்தபோது, பொறாமை சிறிதுமின்றி அவர்களைப் பாராட்டினார். கடுஞ்சொல்லர் என்று பெயரெடுத்தவர்க்கு இது சிறந்த அணியாம்.

முதுமையில் தெருவில் இசைப்பெட்டி சுழற்றுவோரோடு ஓயாது போராடினார். 1864-ல் அவர்களை அடக்கச் சட்டமும் பிறந்தது. பகைத்த சிறுவர்கள் இவர் வீட்டு வாயிலிற் கூடி ஆரவாரித்தனர். 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் இலண்டனில் தம் மனையில் உயிர்நீத்தார். மைந்தர் ஹென்றி, இந்திய ராணுவத்தில் ஊழியம் செய்து திரும்பியவர், தந்தையார் விட்டுச்சென்ற பகுப்பு யந்திரத்து ஆலையின் ஒரு பகுதியை 1910-ல் இயங்கச் செய்தார்.

பிறந்து இருநூறாண்டு நிரம்பிய 1991-ல், இலண்டன் அறிவியற் காட்சிசாலையார் அந்த இரண்டாம் வேறுபாட்டு யந்திரத்தின் கணக்கிடும் பகுதியைப் பாபேஜின் படங்களின்படியே செய்து முடித்தனர். அவர் காலத்துக் கம்மியர் எட்டக்கூடிய நுண்மைக்கு மேற்படாதவாறே உறுப்புக்களை அமைத்தனர். கைப்பிடியைச் சுழற்ற, முப்பத்தொரு இலக்கம் வரை பிழையின்றிக் கணக்கு வந்தது. அச்சிடும் பகுதி 2002-ல் முடிந்தது.