கற்றுப் போதித்த தத்துவ போதகர்

1577-இல் பிறந்த இராபர்ட் தே நொபிலி என்னும் இயேசு சபைக் குரு, 1606-இல் மதுரை வந்தார். போதிக்குமுன் கற்க விரும்பினார். காவியுடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் தெலுங்கும் வடமொழியும் பயின்று, நம் நாட்டு நூல்களை ஆராய்ந்தார். தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார்.

அவர் வேதத்தைக் கெடுக்கிறார் என்று சொந்தச் சபையாரிலேயே சிலர் முறையிட்டனர். அவரோ கலங்காது விளக்கமளித்தார். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவர் பக்கமே தீர்ப்பளித்தார். அவ்வாண்டே நமது கொங்கு நாட்டின் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்து போதித்தார். தமிழ் உரைநடையில் ஞான நூல்கள் பல இயற்றினார். முதுமையில் கண்பார்வை இழந்து, 1656-இல் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார்.

சாதி வேற்றுமையை அவர் ஏற்று நடந்தது நமக்கு உடன்பாடன்று. ஆயினும், பிறர் பண்பாட்டைக் கற்ற பின்னரே பேசவேண்டும் என்னும் பாடத்தை மாணவிகளாகிய நாம் அவரிடம் கற்போமாக!