எலும்பைப் படமெடுக்கப் போர்முனைக்குப் போன மேரி கியூரி

என் இடது காலில், முழங்காலுக்குக் கீழே ஒரு செல் துண்டு இருக்கிறது. 2009 இல் பட்டது. காயம் ஆறிப் பல மாதங்களுக்குப் பிறகுதான் எக்ஸ்றே எடுக்க முடிந்தது. கறுப்புப் படத்தில் எலும்பு மங்கலான வெள்ளையாகவும், அதன் பக்கத்தில் துண்டு பளிச்சென்ற வெள்ளையாகவும் தெரிந்தன. எலும்பை விட உலோகம் கதிர்களை அதிகம் மறிப்பதால் அப்படித் தெரியும். நரம்புக்குக் கிட்ட இருப்பதால் எடுக்காமல் விடுவதே நல்லது என்றார் டொக்டர்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மேரி கியூரியின் நினைவு வரும். பள்ளிக்கூடத்தில் அவரை ரேடியத்தோடு மட்டுமே படித்தோம். போர்க்காலத்தில் அவர் செய்ததை நான் பின்னர்தான் அறிந்தேன்.

1867 நவம்பர் 7 ஆம் திகதி வார்சோவில் பிறந்தார். அப்போது போலந்து என்றொரு நாடு வரைபடத்தில் இல்லை. அவர்களுடைய பகுதி ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. பள்ளிகளில் தாய்மொழி ஒடுக்கப்பட்டது, பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்தது. இரகசியமாக நடந்த வகுப்புகளில் படித்தார். வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, பாரிஸில் மருத்துவம் படித்த அக்காவுக்குப் பணம் அனுப்பினார். 1891 இல் தானும் பாரிஸ் போனார்.

1895 இல் பியர் கியூரியை மணந்தார். அதே ஆண்டில்தான் ஜேர்மனியில் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1898 இல் கியூரி தம்பதியர் இரண்டு புதிய தனிமங்களைக் கண்டறிந்தனர். முதலாவதற்குப் பொலோனியம் என்று தன் தாய்நாட்டின் பெயரை வைத்தார் மேரி. வரைபடத்தில் இல்லாத நாட்டின் பெயர் அப்படி அறிவியலில் நிலைத்தது. 1903 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1906 இல் பியர் பாரிஸ் வீதியொன்றில் குதிரை வண்டியில் அகப்பட்டு இறந்தார். இரண்டு பெண் பிள்ளைகளோடு தனித்து நின்றவர், 1911 இல் இரண்டாவது நோபல் பரிசையும் பெற்றார்.

1914 இல் போர் வந்தது. எக்ஸ்றே இயந்திரங்கள் நகரத்து ஆஸ்பத்திரிகளில் இருந்தன, காயக்காரர் போர்முனையில் கிடந்தார்கள். சன்னம் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே கத்தி வைக்க வேண்டிய நிலை. காயக்காரரை இயந்திரத்திடம் கொண்டுவர முடியாவிட்டால், இயந்திரத்தைக் காயக்காரரிடம் கொண்டு போவோம் என்று மேரி முடிவெடுத்தார்.

நன்கொடையாகக் கிடைத்த வாகனங்களில் கருவிகளை ஏற்றினார். மின்சாரம் இல்லாத இடங்களில் வாகனத்தின் எஞ்சினே டைனமோவைச் சுழற்றியது. யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, காயக்காரரை மேசையில் கிடத்திப் படமெடுத்தார்கள். ஒரே படம் துண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டாது. அதனால் கதிர்க் குழாயைச் சற்று நகர்த்தி இரண்டாம் முறையும் பார்த்து, நிழல் விலகிய தூரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிட்டார்கள்.

இதற்காக மேரி உடற்கூற்றியல் படித்தார், வாகனம் ஓட்டவும் பழகினார். 17 வயதில் மூத்த மகள் ஐரீனும் கூடப் போனாள். சுமார் 20 வாகனங்கள், 200 நிலையான எக்ஸ்றே அறைகள், பயிற்சி பெற்ற சுமார் 150 பெண்கள் என்று அந்தப் பணி வளர்ந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட படையினர் இதனால் பரிசோதிக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது.

1918 இல் போலந்து மீண்டும் சுதந்திர நாடானது. 1932 இல் வார்சோவில் ரேடியம் நிறுவனம் திறக்கப்பட்டபோது மேரி அங்கே நின்றார். போதிய பாதுகாப்பில்லாமல் ஆண்டுக்கணக்காகப் பட்ட கதிர்வீச்சு அவருடைய இரத்தத்தைக் கெடுத்திருந்தது. 1934 ஜூலை 4 ஆம் திகதி காலமானார்.

நாங்கள் பதுங்குகுழிகளில் கிடந்த நாட்களில் அப்படியொரு வண்டி வந்திருந்தால் எத்தனை கால்கள் மிஞ்சியிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. எங்களில் பலர் இன்னும் துண்டுகளோடுதான் நடக்கிறோம். பழைய எக்ஸ்றே படத்தை எறியாமல் வைத்திருங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால், உடம்பில் உலோகம் இருப்பதை முதலே சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் சில உலோகங்களை அசைத்துவிடும்.

என்னுடைய படம் அலுமாரியில், அடையாள அட்டையோடு இருக்கிறது.