நிறத்தால் அளந்த அறிஞர் எல்லப்பிரகட சுப்பாராவ்

நோயாளியின் நிலையையும் நோயின் தன்மையையும் காலத்தையும் எண்ணிப் பார்த்தே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் காட்டும் நெறி. இன்றைய மருத்துவமும் அளவையே அடித்தளமாகக் கொண்டுள்ளது. குருதியில் எப்பொருள் எவ்வளவு உள்ளது, மாத்திரையில் மருந்து எவ்வளவு கலந்துள்ளது என்பவை தெரியாமல் மருத்துவம் ஓர் அடியும் நகராது. அந்த அளவறியும் கலைக்கு எளிய வழியொன்றை வகுத்துத் தந்து, பின்னர் உயிர் காக்கும் மருந்துகள் பலவற்றுக்கும் வித்திட்டவர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

இளமையும் சென்னை வாழ்வும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமை சூழ்ந்த குடும்பம் அது. தந்தையின் மறைவும் நெருங்கிய உறவினர்களின் இழப்பும் அவரது பள்ளிப் படிப்பைத் தடுமாறச் செய்தன. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களின் பொருளுதவி அவரது படிப்பைத் தாங்கியது.

அந்நாளில் ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் பலரை வாட்டியது. உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் நோயாளி நாளுக்கு நாள் மெலிந்து, குருதி குன்றி மடிவார். சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவரை அந்நோய் சில நாள் இடைவெளியில் பறித்துக்கொண்டது. பின்னர் அவரையும் அது பற்றியது. மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி அளித்த ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் உயிர் பிழைத்தார். அந்நோய்க்குரிய காரணமோ உறுதியான மருந்தோ அன்று எவருக்கும் தெரியவில்லை. இந்த வினா அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, மருத்துவக் கல்லூரியில் அவர் கதராடை அணிந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியரான ஆங்கிலேயர் அதை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு தேறியும், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றும் இடம் கிட்டாத நிலையில், லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகப் பணியாற்றினார்.

நீல நிறத்தின் அளவுகோல்

அறக்கட்டளையின் உதவியுடனும் உறவினரின் துணையுடனும் 1922ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனையில் எளிய இரவுப் பணிகளைச் செய்துகொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்றார். அங்குச் சைரஸ் ஃபிஸ்க் என்னும் உயிர்வேதியியல் அறிஞருடன் சேர்ந்து, உடல் திரவங்களில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை உருவாக்கினார். அது 1925ஆம் ஆண்டு வெளியானது.

அம்முறையின் அடிப்படை எளியது. பாஸ்பேட்டுடன் மாலிப்டேட் சேர்ந்து உருவாகும் சேர்மத்தை ஒடுக்கினால் கரைசல் நீல நிறம் பெறும். பாஸ்பரஸ் மிகுந்தால் நீலம் அடரும், குறைந்தால் வெளிறும். அந்நிறத்தின் அடர்த்தியை அளந்தாலே கண்ணுக்குப் புலனாகாத பொருளின் அளவு தெரிந்துவிடும். சிறிதளவு குருதியே ஆய்வுக்குப் போதுமானதாயிற்று. ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று உலகெங்கும் அது பெயர்பெற்றது.

இந்த அளவுகோல் புதிய கண்டுபிடிப்புகளுக்கும் வழி திறந்தது. தசையில் உள்ள பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை 1927இல் இருவரும் கண்டறிந்தனர். உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாக விளங்கும் ஏ.டி.பி.யை 1929இல் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில் ஜெர்மனியின் கார்ல் லோமனும் அதனைத் தனியே கண்டறிந்தார். இத்தனை சாதித்தும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பேராசிரியர் பணி கிடைக்கவில்லை.

அமினோ அமிலம் சுமந்த மருந்து

1940ஆம் ஆண்டு அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் குருதிச்சோகையைத் தீர்க்கும் ஒரு சத்து கல்லீரலிலும் கீரையிலும் இருப்பது அறியப்பட்டிருந்தது. 1941இல் டெக்சாஸ் அறிஞர்கள் நான்கு டன் பசலைக்கீரையைப் பதப்படுத்தி அச்சத்தைச் சிறிதளவே பிரித்து, ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

சுப்பாராவ் வழிநடத்திய குழு அதன் அமைப்பை ஆராய்ந்து, 1945இல் அதனை ஆய்வகத்திலேயே தொகுத்தது. டெரிடின் வளையம், பாரா அமினோ பென்சாயிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம் ஆகிய மூன்றும் இணைந்ததே அம்மூலக்கூறு. இவற்றுள் குளுட்டாமிக் அமிலம் நம் உடலின் புரதங்களிலும் காணப்படும் அமினோ அமிலமாகும். ஃபோலிக் அமிலம் ஸ்ப்ரூ நோயாளிகளின் குருதிச்சோகையை நீக்கியது. உடன்பிறந்தாரைப் பறித்த நோய்க்கு மருந்து, அவர்கள் மறைந்து கால் நூற்றாண்டு கடந்தபின் அவர் கைவழியே கிடைத்தது.

அம்மூலக்கூறில் சிறு மாற்றம் செய்து அவரது குழு அமினோப்டெரின் என்னும் எதிர்மருந்தை ஆக்கியது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதனை இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்தார். 10 குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் அறிவித்தார். இன்றும் பயன்படும் மெத்தோட்ரெக்சேட் இதன் நெருங்கிய உறவு மருந்து. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசினும், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசினும் அவர் தலைமையேற்ற ஆய்வகத்திலிருந்தே வெளிவந்தன.

தானியங்கிப் பகுப்பாய்வும் இன்றைய பயனும்

1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் தமது 53ஆம் வயதில் மறைந்தார். அமெரிக்கா சென்ற அவர் தாய்நாடு திரும்பவே இல்லை. பொருளை நிறமாக்கி அளக்கும் நெறியோ அவருக்குப் பின்னும் வளர்ந்தது. 1957இல் லியோனர்டு ஸ்கெக்ஸ் உருவாக்கிய தானியங்கிப் பகுப்பாய்வி சந்தைக்கு வந்தது. குழாய்களில் காற்றுக் குமிழ்களால் பிரிக்கப்பட்டு ஓடும் மாதிரிகளில் வேதிப்பொருள் தானே கலந்து நிறம் தோன்ற, கருவி அதனை அளந்து பதிவு செய்தது. மனிதக் கை செய்த பணியை இயந்திரம் ஏற்றது.

1958இல் ஸ்டான்ஃபோர்டு மூர், வில்லியம் ஸ்டைன், ஸ்பேக்மன் ஆகியோர் அமினோ அமிலங்களுக்கெனத் தானியங்கிக் கருவியை அமைத்தனர். பிசின் நிரம்பிய குழலில் அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரியும். நின்ஹைட்ரினுடன் சேர்ந்து அவை பெரும்பாலும் ஊதா நிறம் கொள்ளும். புரோலின் மஞ்சளாகும். நிறத்தின் அடர்த்தி அளவைச் சொல்லும். மூரும் ஸ்டைனும் 1972இல் நோபல் பரிசு பெற்றனர். உணவு உண்ண இயலாத நோயாளியின் நரம்பில் ஏற்றப்படும் அமினோ அமிலக் கரைசலில் ஒவ்வோர் அமிலமும் குறித்த அளவில் உள்ளதா என உறுதிசெய்வது இத்தகைய பகுப்பாய்வே. அளவு பிசகினால் மருந்தே தீங்காகும்.

ஆரணியாற்றங்கரைப் பெரியபாளையத்திலும், தொழிற்சாலைகள் மிகுந்த கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலும், தமிழகத்தின் ஊர்தோறும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்துடன் ஃபோலிக் அமில மாத்திரை வழங்கப்படுகிறது. பள்ளி மாணவியரும் அதனைப் பெறுகின்றனர். அம்மாத்திரையை உண்போருள் பலர் சுப்பாராவின் பெயரை அறியார். 1995இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சையினமும் அவர் பெயரைத் தாங்குகிறது. தேர்வில் தோற்றும், பட்டத்தில் குறைக்கப்பட்டும், பதவி மறுக்கப்பட்டும் தம் வினாவை அவர் கைவிடவில்லை. அந்த விடாமுயற்சியின் பயனை இன்று எண்ணற்றோர் துய்க்கின்றனர்.