உணவின் ஆற்றலை உணர்த்திய மெக்காரிசன்

உடலை ஓம்புதற்கு உணவே முதற்கருவி. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்துள் உணவின் அளவையே பெரிதும் வற்புறுத்தினார். பழந்தமிழர் பட்டறிவால் உணர்ந்த இவ்வுண்மையை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்துக் காட்டியவருள் ஒருவர் சர் இராபர்ட் மெக்காரிசன். அவர் பிறந்தது அயர்லாந்து நாடு. பெருந்தொண்டு புரிந்தது நம் நீலகிரி.

மெக்காரிசன் 1878ஆம் ஆண்டு பிறந்தார். பெல்பாஸ்டு நகரில் மருத்துவம் பயின்று, 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். இமயத்தைச் சார்ந்த கில்கித்துப் பகுதியில் கழுத்துக்கழலை நோயால் மக்கள் வருந்துவதைக் கண்டார். அதன் காரணத்தை அறியும் பொருட்டு, அவ்வூர் நீரில் படிந்த கசட்டைத் தாமே உட்கொண்டு ஆராய்ந்தார். பிறர் நோய் தீரத் தம் உடலையே ஆய்வுக்களமாக்கிய அவர்தம் துணிவு போற்றத்தக்கது.

1918இல் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறை அவருக்குக் கிடைத்தது. பெரிபெரி என்னும் நோயை அங்கே ஆராய்ந்தார். நெல்லை மிகத் தீட்டுவதால் தவிட்டோடு உயிர்ச்சத்தும் நீங்குகிறது. எஞ்சியதும் பலமுறை களைவதாலும் கஞ்சியை வடிப்பதாலும் குறைகிறது. புழுங்கல் அரிசியிலோ அச்சத்து ஓரளவு நிலைபெறுகிறது. 1923இல் அரசு மேற்கொண்ட சிக்கனத்தால் ஆய்வு தடைப்பட்டது. எனினும் அவர் மனந்தளராது மீண்டும் தொடங்கினார். அவ்வோரறை 1928இல் உணவாய்வு நிலையமாய் வளர்ந்தது. அவரே அதன் முதல் இயக்குநர் ஆனார்.

அவர் செய்த ஆய்வுகளுள் எலிகளைக் கொண்டு நிகழ்த்தியது பெரும்புகழ் பெற்றது. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாநிலத்தார் ஆகியோரின் உணவுகளைத் தனித்தனிக் கூட்டத்து எலிகளுக்கு அளித்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி, பழம் ஆகியன அமைந்த சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. வெள்ளரிசியே மிகுந்து, பாலும் காய்கறியும் அருகிய உணவை உண்டவை மெலிந்தன. எலிகள் யாவும் ஓரினமே, உணவே வேறுபட்டது. மக்களின் வலிமைக்கும் மெலிவுக்கும் குலத்தைக் காரணமாகக் கூறுவது பிழை என்பது இதனால் தெளிவாயிற்று.

அக்காலத்தில் நம் நாட்டை வாட்டியது குறையுணவு. ஆதலின் பாலும் வெண்ணெயும் அன்று இன்றியமையாதனவாய் விளங்கின. இக்காலத்திலோ பலருக்கு மிகையுணவே பகையாகிறது. நெய், வெண்ணெய், வனஸ்பதி, இறைச்சிக் கொழுப்பு முதலியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு மிகுமாயின், குருதியில் தீய கொலஸ்டிரால் பெருகும். அது இதயத்துக்குச் செல்லும் குழாய்களின் உட்சுவரில் படிந்து வழியைச் சுருக்கும். முடிவில் மாரடைப்பு நேரும். ஒருநாள் உணவால் பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் இக்கொழுப்பால் வருதல் கூடாது என உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது.

பாலாற்றங்கரையில் உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1961இல் திறந்த இதய அறுவை மருத்துவம் நிகழ்ந்தது. அறுவையால் இதயத்தைச் செப்பஞ்செய்யலாம். ஆயினும் நோய் வாராமற் காப்பதே மேலானது. தோல் பதனிடும் தொழிலாலும் பிரியாணியாலும் பெயர்பெற்ற ஆம்பூர் அண்மையிலேயே உளது. அத்தகைய விருந்தை அறவே விலக்கவேண்டுவதில்லை. திருநாளுக்குரிய உணவை நாளும் உண்ணாமல், நெய்யைக் குறைத்து, கடலெண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றையும் அளவோடு கையாண்டு, கீரையும் பருப்பும் பழமும் மிகுதியாய் உண்பதே அறிவுடைமை.

மெக்காரிசன் 1933இல் சர் பட்டம் பெற்றார். 1935இல் பணியினின்றும் ஓய்வு பெற்றார். 1960இல் இயற்கை எய்தினார். அவர் தோற்றுவித்த நிலையம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிலவுகிறது. ஓரறையில் ஊன்றிய வித்து நாட்டுக்கு நிழல் தரும் மரமாயிற்று. உண்ணும் பொருளின் தன்மையையும் அளவையும் அறிந்து உண்பதே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.