மார்கழிக்கு அப்பாலும் ஆண்டாள்

எங்கள் நரிக்குடிப் பகுதியில் வசந்தம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. பங்குனியில் கண்மாய் வற்றிவிடும். சித்திரையில் நிலம் வெடித்துக் கிடக்கும். ஆயினும், வசந்தகால ஏக்கத்தைத் தமிழில் அஞ்சாமல் பாடிய பெண் எங்கள் விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்தவள். அந்த ஆண்டாளை மார்கழி மாதத்துக்குள் அடக்கிவிட்டோம் என்பதே என் வருத்தம்.

ஆடிப்பூரத்தன்று துளசி வனத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை என்பது மரபு. காலம் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு என்பர். இறைவனுக்குத் தொடுத்த மாலையைத் தான் சூடிப் பார்த்த பின்பே அனுப்பியவள். 12 ஆழ்வார்களுள் ஒரே பெண். திருவரங்கனையே மணந்து அவனோடு கலந்தாள் என்பதோடு வரலாறு முடிகிறது.

திருப்பாவையின் 30 பாசுரங்கள் வீடுதோறும் ஒலிக்கின்றன. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களிலோ, கல்யாணக் கனவைச் சொல்லும் பகுதியைத் தவிர மற்றவற்றைப் பலர் கேட்டதுகூட இல்லை. அது தை மாதத்தில் காமனுக்கு நோற்கும் நோன்போடு தொடங்கி, மாசியைக் கடந்து பங்குனி வரை நீள்கிறது. தரையைத் துலக்கிக் கோலமிடுகிறாள். சுவரில் காமன் பெயரையும் கரும்பு வில்லையும் எழுதுகிறாள். நெல், கரும்பு, வெல்லம், அவல் படைக்கிறாள். ஒருவேளை மட்டும் உண்டு வாடுகிறாள். புரோகிதரும் பெருஞ்செலவும் இல்லாத, பெண்கள் தாமே செய்துகொள்ளும் சடங்கு இது. துருக்கியில் மே மாதத் தொடக்கத்தில் வரும் ஹிடிரெல்லஸ் என்ற வசந்த விழாவிலும் மனவிருப்பத்தை எழுதி ரோஜாச் செடியடியில் வைக்கும் வழக்கம் உண்டு.

காமன் இரங்காதபோது குயிலிடம் கெஞ்சுகிறாள். வேங்கடத்து மேகங்களைத் தூது விடுகிறாள். மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருப்பவர்க்கு அந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை. பிறகு கெஞ்சல் சினமாகிறது. தன் உடலின் வேட்கையை மறைக்காமல் சொல்லி, மனிதர் எவருக்கும் தன்னை மணம் பேசலாகாது என்கிறாள். பெண்ணின் சம்மதத்தைக் கடைசியில் கேட்கும், சில வீடுகளில் கேட்கவே கேட்காத நம் ஊர்களில் இந்தப் பாசுரங்கள் ஒதுக்கப்பட்டதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. பக்தித் தத்துவமாக மட்டும் விளக்கிக் கடப்பது நமக்கு வசதியாகவும் இருக்கிறது.

திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டாள். சில நூற்றாண்டுகளுக்குப் பின் அந்தக் கடனை இராமானுசர் தீர்த்தார். அதனால் அவளுக்கு அண்ணன் ஆனார் என்பது வைணவ மரபு. பொருளியல் படித்த எனக்கு மிகவும் பிடித்த கடன் கணக்கு இது. அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் சித்திரைதோறும் மதுரைக்குப் போகிறது. அழகர் அதை அணிந்துகொண்டுதான் வைகையில் இறங்குகிறார்.